தீர்ப்பு உண்டு, விசாரணை இல்லை: 'நாட்டாமை' படத்துப் பெண்கள்

பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் என்னிடம் கேட்டிருக்கும் கேள்வி இது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து தொலைக்காட்சியில் 'நாட்டாமை' படம் பார்த்திருக்கிறார்கள். "பொம்பளைங்களுக்கு இத்தனை மரியாதை குடுத்து எடுத்த படம் வேற ஏது?" என்று அப்பா சொல்ல, இவர் மறுத்துப் பேச, பேச்சு வளர்ந்து இலையில் போட்ட சோறு ஆறிவிட்டது. "முப்பது வருசத்துக்கு முந்தின படத்த வெச்சுட்டு எதுக்குங்கக்கா சண்டை?" என்று தம்பி இடையில் புகுந்திருக்கிறான். இவருக்கோ அந்தப் படத்தில் ஏதோ நெருடுகிறது. எந்த இடத்தில் என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. மூவரில் யார் சொல்வது சரி என்பது கேள்வி. கேள்வியின் வாலில் இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆவணியில் இவருக்குக் கல்யாணம்; அதற்கு முன்னால் தோட்டம் தம்பியின் பேருக்கு மாறுவதற்கு இவர் ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறதாம். "நாட்டாமை வீட்டுப் பொண்ணு மாதிரி பெருந்தன்மையாப் போட்டுக் குடு கண்ணு" என்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

கோபிசெட்டிபாளையத்தில் இருபத்தெட்டு ஆண்டுகளாகக் குடும்ப வழக்குகளும் பாகப்பிரிவினை வழக்குகளும் நடத்திவருகிறவள் நான். அதனால் படத்தைப் பற்றிய கேள்வியையும் கையெழுத்தைப் பற்றிய கேள்வியையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க எனக்கு வரவில்லை. சேர்த்தே பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

உங்கள் அப்பா பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுவதுதான் முறை. 1994 தீபாவளிக்கு வந்த படம் அது. கே. எஸ். ரவிகுமார் இயக்கம், கதை ஈரோடு சௌந்தருடையது. அண்ணன் சண்முகமாகவும் தம்பி பசுபதியாகவும் சரத்குமார் இரட்டை வேடம். அவர்களுடைய அப்பா, பழைய நாட்டாமையாக விஜயகுமார். அடுத்த ஆண்டே தெலுங்கில் 'பெதராயுடு' என்று எடுக்கப்பட்டு அங்கேயும் பெரிய ஓட்டம் ஓடியது. பிறகு இந்திக்கும் கன்னடத்துக்கும் போனது. கதையின் அடிவேர் ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமை. பெரிய நாட்டாமையின் உடன்பிறந்தவளுடைய மகன் ஊரில் ஒரு பெண்ணைக் கெடுத்துவிடுகிறான். வழக்குப் பஞ்சாயத்துக்கு வருகிறது. சொந்த மருமகன் என்று பார்க்காமல், அந்தப் பெண்ணையே அவன் கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறார் நாட்டாமை. தீர்ப்புக்கு மச்சான் வீட்டார் பணியவில்லை. விவகாரம் முற்றி நாட்டாமை துப்பாக்கிக் குண்டுக்கு இரையாகிறார், சாவதற்கு முன் அந்தக் குடும்பத்தை 18 ஆண்டுகள் ஊரைவிட்டு ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் சாகிறார்.

நான் இந்தப் படத்தை வெளியான வாரத்திலேயே அம்மாவைப் பெற்ற என் அம்மாயியோடு கோபியில் பார்த்தேன். அந்தத் தீர்ப்புச் சொல்லப்பட்டபோது கொட்டகையில் பெண்கள் பக்கத்திலிருந்து வந்த கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது. அது ஏமாந்தவர்களின் கைதட்டல் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். பெரிய வீட்டுப் பையன் செய்த தப்பு எப்படி மூடப்படும் என்பது அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும்: பெண் வீட்டாரைக் கூப்பிட்டு நாலு காசு கொடுத்து, வேறு ஊருக்கு அனுப்பி, "வெளிய தெரிஞ்சா உங்களுக்குத்தானுங்க கேவலம்" என்று சொல்லி முடிப்பார்கள். தன் ரத்தத்தையே குற்றவாளி என்று நடு ஊரில் ஒரு பெரிய மனுசன் சொல்வதைத் திரையிலாவது பார்க்க முடிந்ததே என்பது அந்தக் கைதட்டலின் பொருள். இந்த அளவுக்கு உங்கள் அப்பா சொல்வதில் உண்மை இருக்கிறது. படத்தில் பெண்களைக் கேவலமாகப் பேசுகிறவன் தண்டிக்கப்படுகிறான். அண்ணி தாய்க்குச் சமமாக வைக்கப்படுகிறாள். வீட்டுப் பெண் கண்ணீர் விட்டால் ஆண்கள் பதறுகிறார்கள்.

உங்களுக்கு நெருடுவது அந்த மரியாதையின் விலை என்று நினைக்கிறேன். மரியாதை என்பது ஒருவர் கொடுத்து இன்னொருவர் வாங்கிக்கொள்வது. கொடுக்கிற கை கொடுக்காமலும் இருந்துகொள்ளலாம். உரிமைக்கு அந்தச் சிக்கல் இல்லை. 'நாட்டாமை' முதலாவதை அள்ளி அள்ளிக் கொடுக்கும். இரண்டாவது அந்த ஊரில் இருப்பதாகவே காட்டாது. அதனால்தான் படம் பார்க்கிறபோது குறை சொல்லவும் வாய் வருவதில்லை, மனமும் ஒப்புவதில்லை.

அந்தத் தீர்ப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கெடுக்கப்பட்டவளை, கெடுத்தவனே கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். அவனோடு வாழ அவளுக்குச் சம்மதமா என்பது அங்கே ஒரு கேள்வியாகவே எழவில்லை. அவளுக்கு நேர்ந்த வலியும் பயமும் பஞ்சாயத்துக் கணக்கில் ஏறவில்லை. இனி இவளை யார் கட்டுவார்கள் என்பது மட்டும்தான் ஏறியது. நட்டத்தை அப்படிக் கணக்குப் போட்டால் ஈடும் அப்படித்தான் வரும்: கழுத்தில் ஒரு தாலி. அந்தத் தாலியைத் தண்டனையாகக் கட்டப்போகிறவன் வீட்டில் அவள் மறுநாள் காலையில் எழுந்து என்ன முகத்தோடு அடுப்புப் பற்ற வைப்பாள் என்பதைப் படம் யோசிக்கவில்லை. கைதட்டிய நாங்களும் யோசிக்கவில்லை.

இதைப் பட்டிக்காட்டுப் புத்தி என்று தள்ளிவிடவும் முடியாது. 2015-இல் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே, பாலியல் வன்கொடுமை வழக்கொன்றில் குற்றவாளியும் பாதிக்கப்பட்ட பெண்ணும் சமரசம் பேசிக்கொள்ளட்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. "அவரோடு பேச எனக்கு விருப்பமில்லை" என்று அந்தப் பெண் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், இத்தகைய குற்றத்தில் சமரசத்துக்கும் கல்யாணப் பேச்சுக்கும் இடமே கிடையாது என்று கண்டிப்பாகச் சொன்ன பிறகு, உயர் நீதிமன்ற உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. ஆலமரத்தடியில் சொம்போடு உட்கார்ந்தவரும் கறுப்பு அங்கி போட்டவரும் சில நேரம் ஒரே மாதிரிதான் யோசிக்கிறார்கள்.

சரி, அந்த 18 ஆண்டுத் தண்டனைக்கு வருவோம். என் கணிப்பில் படத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. யாரும் இதைப் பேசி நான் கேட்டதில்லை. ஒதுக்கிவைப்பது என்றால் அன்னந்தண்ணி புழங்கக்கூடாது, நல்லது கெட்டதுக்கு அழைக்கக்கூடாது. தப்புச் செய்தவன் மகன்; சுட்டவன் வீட்டுக்காரன். மனோரமா நடித்த அந்த அம்மா, பெரிய நாட்டாமையோடு பிறந்தவள், செய்த குற்றம் ஒன்றும் இல்லை. அண்ணன் செத்த துக்கம் அவளுக்கு. அண்ணனைக் கொன்ற கை தன் புருசனுடையது என்ற துக்கமும் அவளுக்குத்தான். இவற்றுக்கு மேல் பிறந்த வீட்டு வாசலை 18 ஆண்டுகள் மிதிக்கக் கூடாது என்ற தண்டனையும் அவள் தலையிலேயே விழுகிறது. பின்பாதியில் இதே கதை திரும்ப நடக்கிறது. ஊருக்கு வந்த டீச்சர் ஒருத்தியைக் கொன்றதாகப் பொய்ப்பழி விழுந்து, செய்யாத அந்தக் கொலைக்காகப் பசுபதியை அண்ணன் ஒதுக்கிவைக்கும்போது, மீனா நடித்த பசுபதியின் மனைவியும் கூடவே வெளியேறுகிறாள். அந்த வழக்கில் அவளைச் சாட்சியாகவாவது யாரும் விசாரித்தார்களா? பெண்ணுக்குத் தனி வழக்குக் கிடையாது, தனி விசாரணை கிடையாது. தண்டனையில் மட்டும் சரிபாதி உண்டு. அந்த ஊரில் சமத்துவம் கறாராக நிறைவேறுகிற ஒரே இடம் அதுதான்.

இதைவிடக் கூர்மையான இடம் முடிவில் வருகிறது. பசுபதி குற்றமற்றவன் என்ற உண்மை பஞ்சாயத்தில் வெளிப்படவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடி விசாரித்ததில் பொய்தான் ஜெயித்தது. உண்மை யாரிடம் இருந்தது? அந்த அம்மாவிடம். கட்டுப்பாட்டை மீறி, பேசக்கூடாத வாயால், மிதிக்கக்கூடாத வாசலை மிதித்து, தன் அண்ணன் மகனிடம் வந்து அவள் சொல்கிறாள். தவறான தீர்ப்புச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்த கணத்தில் சண்முகத்தின் உயிர் பிரிகிறது. ஒரு பிழைக்காக உயிரையே விட்ட உத்தமன் என்று கொட்டகை அழுதது, நானும் அழுதேன். ஆனால் கதையை ஒரு வழக்குக் கட்டாகக் கையில் எடுத்துப் புரட்டினால் வேறு ஒன்று தெரிகிறது. அந்தப் பஞ்சாயத்தில் பெண்ணுக்குப் பேச இடமிருந்து, ஒதுக்கிவைக்கப்பட்டவளுக்கும் வந்து சாட்சி சொல்ல வழியிருந்திருந்தால் தம்பி வெளியே போயிருக்க வேண்டியதில்லை. அண்ணனும் செத்திருக்க வேண்டியதில்லை. பெண்ணின் சொல்லைச் சபைக்கு வெளியே நிறுத்திய முறைதான் அந்தச் சாவுக்குக் காரணம். படம் அதைப் பார்க்காமல், செத்தவனின் பெருமையைப் பார்த்தது. முறை அப்படியே இருக்க, நாட்டாமைப் பட்டம் மட்டும் அண்ணனிடமிருந்து தம்பிக்குப் போனது.

உங்கள் அப்பா இந்த இடத்தில் ஒன்று சொல்வார், எனக்குத் தெரியும். "வெளிய ஆம்பள பேசுனாலும் உள்ள சொல்லிக் குடுக்கறது பொம்பளதானுங்க" என்பார். உண்மைதான், என் அம்மாயி வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அம்மாயியின் வீட்டுக்காரர், எங்கள் அப்புச்சி பேருக்கு ஆறு ஏக்கர் தோட்டம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம், மஞ்சளும் நெல்லும். எந்த ஆண்டு எத்தனை மூட்டை மஞ்சள் ஈரோட்டு மண்டிக்குப் போனது, தரகு எவ்வளவு, வண்டி வாடகை எவ்வளவு என்பதெல்லாம் அம்மாயிக்கு விரல் நுனியில். எழுதப் படிக்கத் தெரியாது. ஆசாரத்து, அதாவது வீட்டு முன்கூடத்துச் சுவரில் அடுப்புக்கரியால் கோடு கிழித்து வைத்திருப்பார். ஒரு தடவை பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு வரப்புத் தகராறு வந்து, ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் எங்கள் ஆசாரத்தில் பவானி ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். அம்மாயி நடைக்கு அந்தப்புறம், கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். காப்பித் தம்ளரை நீட்டும்போது மட்டும் கை வெளியே வரும். பேச்சு முடியாமல் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. அன்று ராத்திரி, "பழைய வரப்புக்கு அடையாளமா அங்க ஒரு ஊஞ்ச மரம் நின்னுதே, அதோட தூரு இன்னும் மண்ணுக்குள்ள கெடக்கும், தோண்டிப் பாக்கச் சொல்லுங்கொ" என்று அப்புச்சியிடம் சொன்னார். மறுநாள் அப்புச்சி அதைச் சபையில் சொன்னார், தோண்டினார்கள், தூர் கிடைத்தது. "கவுண்டருக்கு என்ன ஞாபகமுங்க!" என்று ஊரே புகழ்ந்தது. அம்மாயிக்கு அதில் மனக்குறை இருந்ததாகத் தெரியவில்லை, பெருமைதான். ஆனால் அப்புச்சி காலமான பிறகு அதே தோட்டத்தைப் பிரித்தபோது, அந்த வரப்பைக் காப்பாற்றியவரின் வாய்ச்சொல் யாருக்கும் தேவைப்படவில்லை. பத்திரத்தில் பெருவிரல் ரேகைக்கு மட்டும் கூப்பிட்டார்கள். சொல்லிக்கொடுக்கிறவளுக்கு, சொல்லிக்கொடுக்க ஓர் ஆண் உயிரோடு இருக்கும் வரைதான் செல்வாக்கு.

படத்தில் குஷ்பு நடித்த நாட்டாமையின் மனைவி இந்த வகைதான்: கொழுந்தனார்களுக்குத் தாய், வீட்டுக்கு விளக்கு, புருசன் முகம் பார்த்து நடக்கிறவள். வசதியான வீட்டிலிருந்து வரும் இளைய மருமகளும் கடைசியில் அதே அச்சுக்குள்தான் அடங்க வேண்டும். இந்த அச்சுக்கு வெளியே நிற்கிற பெண் யார் என்று பார்த்தால், அந்த டீச்சர். தனியாக ஊருக்கு வந்து, சொந்தமாகச் சம்பாதித்து, தானாக முடிவெடுக்கக் கூடியவளாகப் படத்தில் வருகிற ஒரே பெண் அவள். அவளை எதற்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள்? நல்லவனைச் சிக்கவைக்கும் கண்ணியாகவும், பிறகு பழிபோடுவதற்கு ஒரு பிணமாகவும். வேலைக்குப் போகிற பெண் என்றால் ஊருக்கு ஆபத்து என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கதை ஓடுகிற ஓட்டத்தில் அது தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. இன்றைக்கும் 'நாட்டாமை பட டீச்சர்' என்று சொல்லிச் சிரிக்கிறார்களே, அந்தச் சிரிப்பில் அவள் கொலையுண்டாள் என்பது யாருக்காவது நினைவிருக்கிறதா? போகிற போக்கில் இன்னொன்று: கவுண்டமணியும் செந்திலும் வருகிற பெண் பார்க்கும் காட்சி. தட்டில் இருந்த மிக்சரை ஒன்றும் நடக்காததுபோல் தின்றுகொண்டிருந்த பெண்ணின் தகப்பனார் இன்றைக்கு உலகப் புகழ் பெற்றுவிட்டார். பார்க்கப்பட்ட பெண்ணின் முகத்தை யாராவது ஞாபகம் வைத்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

டீச்சரைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம், அந்தக் காலத்துக் கொங்கு நாட்டின் நிலவரம்தான். 1990-களில் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோயமுத்தூர், ஈரோட்டுப் பஞ்சாலைகளிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் தூக்குப்போசியோடு வண்டியேறிக்கொண்டிருந்தார்கள். களையெடுப்பது, நாற்று நடுவது, தறியில் தார் சுற்றுவது, மஞ்சள் வேகவைத்துக் காயப்போடுவது என்று பெண்ணின் கை படாத வருமானம் இந்தச் சீமையில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இந்த உழைப்பை நம் சமூகம் எந்தப் பேரில் அழைத்தது தெரியுமா? பின்னாளில் பஞ்சாலைகளில் வந்த ஒரு ஏற்பாட்டுக்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று பேர். வயதுக்கு வந்த பெண்ணை மூன்று ஆண்டுகள் போல விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு தொகையைக் கையில் கொடுப்பது. சம்பளத்தையும் சீதனமாகத்தான் பார்க்க முடிந்தது. திரையில் வந்த கொங்கு கிராமத்திலோ அந்த உழைப்பின் நிழல்கூட விழவில்லை. பட்டுச்சேலை கட்டிய பெண்கள் ஆரத்தித் தட்டோடு வாசலில் நிற்கிறார்கள். வயலிலிருந்து வரும் பணம் ஆண்களிடமிருந்து வருவதாகவே தோன்றுகிறது. அதே 1994-இல்தான் 'மகளிர் மட்டும்' படமும் வந்தது, அலுவலகத்தில் பெண்கள் படுகிற பாட்டை வைத்து. ஆகவே "அந்தக் காலத்துல அப்படித்தான் எடுத்தாங்க" என்ற சமாதானம் முழுக்கச் செல்லாது.

உட்கார்ந்திருப்பவர்கள், நிற்பவர்கள் என்று பார்க்கும்போது சாதியையும் சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மை பேசியவள் ஆவேன். நாட்டாமையின் வாக்கு ஊருக்கே வாக்கு என்று படம் காட்டுகிறது. நிலமும் பஞ்சாயத்தும் ஒரே சமூகத்தின் கையில் இருந்ததால் வந்த வாக்கு அது. அந்த மேடையை ஆதிக்கம் என்று சொல்லாமல் தர்மம் என்று காட்டியதுதான் அந்தப் பத்தாண்டில் வந்த கிராமத்துப் படங்கள் பலவற்றின் வேலை. அங்கே மேட்டுக்குடிப் பெண்ணுக்கே நடைக்கு அந்தப்புறம்தான் இடம் என்றால், கூலிக்காரர் வீட்டுப் பெண் எங்கே நின்றிருப்பாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் தம்பிக்கு. பழைய படம்தான், தம்பி. ஆனால் அது வந்தபோதே, அது பழையதாக்க விரும்பாத ஒன்று பழையதாகிக்கொண்டிருந்தது. 1994 ஏப்ரலில் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்து, உள்ளாட்சி இடங்களில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு என்று ஆயிற்று. ஆலமரத்தடியில் பெண்ணுக்குப் பேச்சே இல்லாத ஒரு நாட்டாமையை நாம் தீபாவளிக்குக் கொண்டாடியபோது, பெண்கள் தலைவர் நாற்காலியில் உட்காரச் சட்டம் தயாராகி ஆறு மாதம் ஆகியிருந்தது. 1996-இல் தேர்தல் நடந்தது. அந்த நாற்காலிகளில் பல இடங்களில் தலைவரின் 'வீட்டுக்காரர்' உட்கார்ந்தார் என்பதும் நாம் கண்டதே. 2016-இல் அந்த ஒதுக்கீடு 50 விழுக்காடானது. 2011-இல் உச்ச நீதிமன்றம் கட்டப்பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம் என்று, அதுவும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான், சொன்னது. இத்தனைக்குப் பிறகும் என் அலுவலகத்துக்கு வருகிற விவாகரத்து வழக்குகளில் பாதிக்குமேல், "ஊர்ல பேசி முடிச்சுட்டோமுங்க, இந்தப் புள்ளதான் ஒத்துக்க மாட்டேங்குது" என்று நாலு பெரியவர்களோடுதான் வருகின்றன. அந்தப் பிள்ளை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். உள்ளே கூப்பிட்டு, மற்றவர்களை வெளியே அனுப்பி, "உனக்கு என்ன வேணும் அம்மிணி?" என்று கேட்டால் பதில் உடனே வராது. அதை யாரும் கேட்டுப் பழக்கமில்லை.

இத்தனைக்கும் நாம் வேறொரு மரபுக்கும் வாரிசுகள். 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலைத் தெருவில் இறங்கி நடத்தியவர்கள் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் உடன்பிறந்தவள் கண்ணம்மாளும். அந்த வீட்டுக்காரர் பெரியார் கூட்டிய 1929 செங்கல்பட்டு மாநாட்டில்தான், பெண்ணுக்கும் ஆணைப்போலச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அது சட்டமாக 60 ஆண்டுகள் பிடித்தன. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளும் பிறப்பிலேயே பங்காளி என்றாயிற்று, அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான பெண்களைத் தவிர்த்து. 2005-இல் மத்தியச் சட்டம் அந்த விலக்கையும் எடுத்துவிட்டது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், 2005-இல் தகப்பனார் உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது மகளின் பங்கைப் பாதிக்காது என்று மிச்சமிருந்த சந்தேகத்தையும் தீர்த்தது.

சட்டம் வந்ததும் வந்தது, அதைச் சுற்றிப்போக ஒரு தடமும் வந்தது. தன் பங்கை உடன்பிறந்தவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டதாகப் பெண் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற விடுதலைப் பத்திரம் அது. போன தை மாதம் சார்பதிவாளர் அலுவலகத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன், ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றி. ஐம்பதைத் தாண்டிய அக்கா ஒருவர், புதுப் பட்டுச்சேலை, அதன் மடிப்புக்கூடக் கலையவில்லை. அன்று காலையில்தான் தம்பி வாங்கிக்கொடுத்திருக்கிறார். இணைச்சீரில் உடன்பிறந்தவளை முன்னிறுத்தித்தான் நம் கல்யாணமே நடக்கும், அந்தத் தம்பியின் கல்யாணத்திலும் இந்த அக்காதான் நின்றிருப்பார். தம்பி, அக்காவின் கையைப் பிடித்து, "சீருக்கும் செனத்திக்கும் நான் இருக்கறேனுங்கக்கா" என்கிறார், பொய்யில்லாமல், கண் கலங்கி. அக்காவும் கலங்குகிறார். கையெழுத்துப் போடக் குனிந்தவர் தலையை நிமிர்த்தி, பத்திரம் எழுதுபவரிடம், "எத்தனை ஏக்கருங்க எழுதியிருக்குது?" என்று கேட்டார். அந்த அறை ஒரு நொடி அமைதியாயிற்று. ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல் அவரே சிரித்துச் சமாளித்து, "சும்மா தெரிஞ்சுக்கத்தானுங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பதிலை யாரும் சொல்லவில்லை. மரியாதைக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. சேலை பன்னிரண்டாயிரம் இருக்கும்.

ஆகவே உங்கள் கையெழுத்தைப் பற்றி. தோட்டம் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது என்றால் அதை அவர் விருப்பப்படி தம்பிக்கு எழுதிவைக்கலாம். அதற்கு உங்கள் சம்மதம் தேவையில்லை. அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா காலத்திலிருந்து வருகிற பூர்வீகம் என்றால் தம்பிக்கு என்ன பங்கோ அதே பங்கு உங்களுக்கும். கல்யாணம் ஆனாலும் அது மாறாது. உங்களிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்பதே பெரும்பாலும் இரண்டாவது வகை என்பதற்கு அடையாளம். விட்டுக்கொடுப்பதும் உங்கள் உரிமைதான், அதில் தவறில்லை; எனக்குத் தெரிந்து முழு மனதோடு விட்டுக்கொடுத்த பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுங்கள். மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று நான்கையும் முதலில் கேட்டு வாங்குங்கள். பதிவாகிவிட்ட விடுதலைப் பத்திரத்தை ரத்துச் செய்ய நீதிமன்றத்துக்குப் போய் ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டும். கல்யாண வேலைகளோடு சேர்த்து அவசர அவசரமாக முடிக்க வேண்டிய காரியம் இது இல்லை என்று அப்பாவிடம் பணிவாகவே சொல்லலாம்.

அந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது என்று தயக்கமாக இருந்தால், படத்திலிருந்தே தொடங்குங்கள். அடுத்த தடவை தொலைக்காட்சியில் 'நாட்டாமை' ஓடும்போது பஞ்சாயத்துக் காட்சி வரும் வரை ஒன்றும் பேசாதீர்கள். வந்ததும், "18 வருசம் ஒதுக்கி வெச்சாங்களே, அந்த அம்மா என்னங்கப்பா தப்புப் பண்ணுனாங்க?" என்று மட்டும் கேளுங்கள். அப்பா பதில் சொல்லட்டும், தம்பியும் கேட்டுக்கொண்டிருக்கட்டும். பத்திரத்தின் வரைவு கைக்கு வந்தால் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். எத்தனை ஏக்கர் என்பதை முதல் வரியிலேயே பாருங்கள்.